சுளை நனைந்தால் போதுமா? புற்றுநோய் மருந்துச் சோதனையில் முப்பரிமாண உயிரணுத் திரள்கள்

(கடலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். பண்ருட்டிப் பலாவை அறுத்துச் சுளைகளைத் தட்டில் பரப்பித் தேனை ஊற்றினால் ஒவ்வொரு சுளையும் நனையும். அதே தேனை முழுப் பலாவின்மீது ஊற்றினால் முள்தோலோடு வழிந்து போகும். புற்றுநோய் மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் சுளைகளின்மீதுதான் ஊற்றிப் பார்த்தோம்.

1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வளர்க்கப்பட்ட ஹீலா உயிரணுக்களும், பின்வந்த பலவும், பிளாஸ்டிக் தட்டில் ஒரே அடுக்காக ஒட்டி வளர்பவை. அங்கே ஒவ்வோர் உயிரணுவுக்கும் ஆக்சிஜனும் மருந்தும் தாராளம். கட்டிக்குள் நிலைமை வேறு. இரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் ஏறக்குறைய 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரையே ஊடுருவும் என்பதால், அதற்கு அப்பாலுள்ள உயிரணுக்கள் பிரிவதை நிறுத்தி உறங்கிக் கிடக்கின்றன; பிரியும் உயிரணுவைத் தாக்கவென்றே அமைந்த மருந்துகளிடமிருந்து அவை தப்பிவிடுகின்றன.

இந்நிலையை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க, எனக்குப் பிடித்த முறை மிக எளியது. உயிரணுக்கள் கலந்த ஊட்டநீரைச் சுமார் 20 மைக்ரோலிட்டர் அளவில் தட்டின் மூடியில் சொட்டி, மூடியைக் கவிழ்க்க வேண்டும். சொட்டு விழாமல் தொங்கும். ஒட்டிக்கொள்ளப் பரப்பில்லாத உயிரணுக்கள் சொட்டின் அடியில் கூடி, சில நாட்களில் ஒன்றையொன்று பற்றி உருண்டையாகின்றன. உருண்டை ஏறத்தாழ அரை மில்லிமீட்டரை எட்டும்போது, வெளியே பிரியும் உயிரணுக்களும், அடுத்து உறங்குபவையும், நடுவே மடிந்தவையும் அமைகின்றன. டாக்சோரூபிசின் தானாகவே சிவந்து ஒளிரும் புற்றுநோய் மருந்து. ஒற்றை அடுக்கில் எல்லா உட்கருக்களிலும் அது ஒளிர, உருண்டையிலோ வெளி அடுக்குகள் சிவந்து நடுப்பகுதி இருண்டிருப்பதை நுண்ணோக்கியில் நேரில் காணலாம்.

நோயாளியின் கட்டியிலிருந்தே வளர்க்கப்பட்டு, அக்கட்டியின் அமைப்பை ஒத்திருக்கும் சிறு திரள்களான ஆர்கனாய்டுகள் இதற்கு அடுத்த படி. 2023இல் இந்திய அரசு புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் குறித்த விதிகளைத் திருத்தி, விலங்குச் சோதனையோடு இத்தகைய முறைகளுக்கும் இடமளித்தது. ஆயினும் உருண்டைக்குள் இரத்த ஓட்டமில்லை. தனியே சேர்த்தாலன்றி நோயெதிர்ப்பு அணுக்களும் இல்லை. ஆர்கனாய்டுகளைத் தாங்கும் கூழ்மம் பெரும்பாலும் எலியின் கட்டியிலிருந்து எடுக்கப்படுவதால், ஒரு புட்டியைப் போல் மறுபுட்டி அமைவதில்லை.

இங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குச் சிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்தார், "எங்கள் அம்மாவின் கட்டியை இப்படி வளர்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்கலாகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆர்கனாய்டு வளர்ந்து சோதனைக்கு ஆயத்தமாகப் பல வாரங்கள் பிடிக்கும், சில கட்டிகள் வளரவே மறுக்கும். சிகிச்சையோ அதுவரை காத்திருக்காது.