வட்டக்கானல் உதயமும் வெள்ளகவி கோயிலும்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

சரி, அடுத்த கேள்வி மதுரையில் இருந்து. ஒரு தங்கை கொஞ்சம் நீளமாகவே அனுப்பியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, ஜனவரியில் கொடைக்கானல் போகிறோம். வட்டக்கானலில் சூரிய உதயம் பார்த்துவிட்டு, அப்படியே வழிகாட்டியோடு நடந்து வெள்ளகவி கோயில்களைக் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். அம்மாவுக்கு 61 வயது. முழங்கால் வலி உண்டு, ஆனால் பழனிப் படி ஏறிவிடுவார். பையனுக்கு 10 வயது. மூன்று பேரும் போகலாமா? வழிகாட்டி கட்டாயமா, நாங்களே போய்வர முடியாதா?"

அம்மா விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். பழனிப் படி ஏறுகிறவர் என்பதை வைத்து இந்த நடையை எடை போடாதீர்கள். பழனி, சதுரகிரி, வெள்ளியங்கிரி எல்லாமே ஏறிப் போய்க் கும்பிட்டுவிட்டு இறங்குகிற கோயில்கள். காலையில் தெம்பாக இருக்கும்போது ஏற்றம், அலுப்பு வந்த பிறகு இறக்கம். நடுவழியில் முடியவில்லை என்றால் திரும்பிவிடலாம், கீழேதானே போகிறோம். வெள்ளகவி இதற்கு நேர் எதிர். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரியகுளம் 300 மீட்டர்கூட இல்லை. இரண்டுக்கும் நடுவில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர்தான் வெள்ளகவி. ஆக, போகும்போது முழுக்க இறக்கம், வரும்போது முழுக்க ஏற்றம். அதுவும் உச்சி வெயிலில், சாப்பிட்ட வயிற்றோடு, காலையில் இறங்கியதில் ஏற்கெனவே தொடை நடுங்கிக்கொண்டிருக்கும்போது ஏற வேண்டும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று போகலாம். இறங்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் எடை முழங்கால் சில்லில் வந்து விழுகிறது, தொடைத் தசை பிரேக் பிடித்த மாதிரி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அப்படி இறங்கிவிட்டுச் சமதளத்தில் நின்றால் கால் தானாக ஆடும். இளவட்டங்களுக்கே ஆடும். வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். அம்மாவை மாடிப்படி ஏறச் சொல்ல வேண்டாம், இறங்கச் சொல்லிப் பாருங்கள். கைப்பிடியைத் தொடாமல், காலை மாற்றி மாற்றி வைத்து நேராக இறங்குகிறாரா, இல்லை பக்கவாட்டில் திரும்பி, ஒரே காலை முன்னால் வைத்து ஒவ்வொரு படியாக இறங்குகிறாரா? இரண்டாவது என்றால் வெள்ளகவியை மறந்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், அங்கே பாதி வழியில் முடியவில்லை என்று கூப்பிட்டால் ஆட்டோ வராது. அந்த ஊருக்குச் சாமான் போனது குதிரை முதுகில். நோயாளிகளையும் பிரசவத்துக்குப் போகிற பெண்களையும் டோலி கட்டித் தோளில் சுமந்துதான் ஊர்க்காரர்கள் இத்தனை காலம் மலை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். வேடிக்கை பார்க்கப் போன நம்மையும் அவர்கள் தோளில் ஏற்றுவது நியாயமில்லை.

உங்களிடம் இந்தப் பயணத்தைச் சொன்னவர் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லியிருப்பார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், கேட்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். மலையில் கிலோமீட்டருக்கு மதிப்பே கிடையாது. எவ்வளவு உயரம் இறங்குகிறோம், திரும்பி ஏற எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் "ஈஸிதான் மேடம், குழந்தைங்க எல்லாம் வந்துட்டுப் போறாங்க" என்று சிரித்தால், முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன ஆளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

அப்புறம் வழிகாட்டி. கட்டாயம் வேண்டும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது நினைவிருக்கும். மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. காட்டுப் பகுதியில் அனுமதி இல்லாமல் நுழைந்தால் நம் மேல்தான் வழக்கு வரும். கொடைக்கானல் காடுகள் 2013-இல் வனவிலங்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டன. ஆகவே "நாங்கள் பாட்டுக்கு நடந்து போறோம்" என்பதெல்லாம் பழைய கதை.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டம் தொடங்கியது. 40 தடங்கள், இணையத்தில் முன்பதிவு, மலையடிவாரத்து இளைஞர்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தளத்தில் திண்டுக்கல் மாவட்டத்தைத் திறந்து, நீங்கள் போகிற தேதியில் எந்தத் தடம் திறந்திருக்கிறது, எந்த வயதுக்கு அனுமதி, சிறுவனுக்கு என்ன ஒப்புதல் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஜனவரி என்பதால் பிரச்சினை இல்லை. பிப்ரவரி பாதியில் இருந்து ஏப்ரல் பாதி வரை தீப் பருவம், புல் எல்லாம் காய்ந்து கிடக்கும், வழக்கமாகத் தடங்களை மூடிவிடுவார்கள். "அப்பவும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் வழிகாட்டியே இல்லை.

நல்ல வழிகாட்டி எப்படி இருப்பார் என்று ஒன்று சொல்கிறேன். வட்டக்கானல் பக்கம் விடியற்காலையில் ஒருவரோடு நடந்துகொண்டிருந்தேன். ஊருக்குள்தான், இரண்டு பக்கமும் வீடு. திடீரென்று கையைத் தாழ்த்திக் காட்டினார். நின்றோம். டார்ச்சைத் தரையில் அடித்து, குனிந்து பார்த்தார். சாணி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு எங்களைப் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒதுக்கி நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருட்டே எழுந்து நகர்கிற மாதிரி ஒரு காட்டுமாடு, பின்னால் கன்று. இரண்டும் பாதையைக் கடந்து சரிவில் இறங்கிய பிறகுதான் மறுபடியும் நடக்க விட்டார். கொடைக்கானலில் காட்டுமாடு கடைத்தெருவிலேயே வரும், அதனால் சாதுவென்று நினைத்து ஆட்கள் கிட்டே போய்ப் படம் எடுக்கிறார்கள். கன்றோடு இருக்கிற பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டால் அது சாது இல்லை. ஃப்ளாஷ் அடிக்கவே கூடாது. பையனிடம் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

இப்போது உதயம். ஜனவரியில் அங்கே சூரியன் ஏறத்தாழ 6.40-க்கு வரும். ஜூனில் என்றால் 6 மணி. ஆனால் 6.40-க்குப் போய் நின்றால் முக்கால்வாசி முடிந்திருக்கும். வானம் நிறம் மாறுவதெல்லாம் அதற்கு முந்தைய 20, 25 நிமிஷத்தில்தான். 6 மணிக்கு இடத்தில் இருங்கள். இன்னொன்று, டிசம்பர், ஜனவரியில் சூரியன் தென்கிழக்கே சாய்ந்து எழுகிறது, அதாவது பெரியகுளம் சமவெளிப் பக்கம் திறந்து கிடக்கிற திசை. கோடையில் வடகிழக்கே தள்ளிப் போய்விடும், மலை முதுகு குறுக்கே வந்து நிற்கும். "மே மாசம் போனோம், ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் நல்ல மாதத்தில்தான் போகிறீர்கள்.

எல்லோரும் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற அந்த மேகக் கடலுக்கும் காரணம் இருக்கிறது. ராத்திரி மலைச்சரிவு குளிர்ந்ததும் கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்குகிறது. ஈரம் இருந்தால் அது மேகமாகக் கீழேயே படுத்துக்கிடக்கும், மேலே நிற்கிற நமக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி தெரியும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கித் திரும்பும். அந்த மேகம் அப்படியே எழுந்து நம் முகத்தில் வந்து மோதும். பத்து, பதினோரு மணிக்கு மேல் எதிரே நிற்கிற ஆள் தெரியாது என்பது அதனால்தான். (1899-இல் இருந்து கொடைக்கானலில் ஒரு சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை 1909-இல் ஜான் எவர்ஷெட் என்கிற வானியலாளர் கண்டுபிடித்தது அங்கேதான். நாமாவது ஒரு நாள் எழுந்து பார்க்கிறோம், அவர்களுக்கு அதுவே வேலை.)

உதயத்தை வட்டக்கானல் ஊர் ஓரத்தில் இருந்தே பார்த்துவிடுங்கள். நாலு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு காட்டுக்குள் போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, வெள்ளகவி போகிற வழியில் இருக்கிற டால்பின் நோஸ் பாறைப் பக்கம் இறங்கினால் போதும். அந்தப் பாறை விடியற்காலையில் பனியில் நனைந்து வழுக்கும். நுனியில் போய்க் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து படம் எடுக்கிற கூத்தை எப்போது நிறுத்துவார்களோ. பையன் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

வெள்ளகவியில் செருப்பு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அங்கே கோயில் வாசலில் கழற்றினால் போதாது. ஊர் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடுகளுக்கு நடுவே கோயில்கள் இருக்கிற ஊர், ஊர்க்காரர்களே ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை. ஒரு துணிப்பை கொண்டுபோனால் ஷூவை அதில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். மத்தியானக் கல்லு சுடும், காலையிலேயே போய்ச் சேருவது நல்லது. பழனி மாதிரி வரிசை, டிக்கெட், பிரசாத ஸ்டால் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஊர்க்கோயில், அவர்கள் முறைதான் முறை. படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். டீ கிடைக்கும். விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பேரம் பேசாதீர்கள், சர்க்கரையும் தூளும் மலை தாண்டி வந்தவை. காபி, மிளகு, எலுமிச்சை விளைகிற ஊர், விற்றால் வாங்குங்கள்.

போகிறவர்களுக்குச் சில சாமான் விஷயம். முந்தின நாள் கால்விரல் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறக்கத்தில் பாதம் ஷூவின் முனையில் போய் இடித்துக்கொண்டே இருக்கும், நீளமான நகம் கருத்துப்போய் விழுந்துவிடும். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது. ஒரு கம்பு வேண்டும். விடியலில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், ஏறி வரும்போது வியர்த்து ஊற்றும், அதனால் ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதிலாக இரண்டு மெல்லிய சட்டை. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது. வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், சாக்ஸில் உப்போ மூக்குப்பொடியோ தடவிக்கொள்ளலாம். வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே மாதத்தில் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும்.

ஏறாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறதே, வெள்ளகவியில் இருந்து மலையடிவாரத்துக் கும்பக்கரைக்கு இறங்கிப் பெரியகுளம் போய்விடலாமே என்று யாராவது கருத்துப் பெட்டியில் எழுதுவார்கள். தடம் இருக்கிறது. ஆனால் அது இன்னும் நீண்ட இறக்கம், முழங்காலுக்கு அதைவிட மோசம், வண்டியும் சுற்றிக்கொண்டு கீழே வர வேண்டும். 10 வயதுப் பையனோடு வேண்டாம்.

அம்மாவை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். உதயத்துக்கு அவரும் வரட்டும், வட்டக்கானல் வரை வண்டி போகும். அதற்குப் பிறகு நீங்களும் பையனும் வழிகாட்டியோடு இறங்குங்கள். அம்மாவை அதே வண்டியில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு அனுப்புங்கள். 1936-இல் கட்டிய முருகன் கோயில், இந்து மதத்துக்கு மாறிய வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் கட்டியது, ஏரியில் இருந்து பக்கம்தான். வானம் தெளிவாக இருந்தால் அங்கே இருந்து பழனி தெரியும், அவருக்கு அது பிடிக்கும். குறிஞ்சிப் பூ கேட்டால் 2030 வரை பொறுக்கச் சொல்லுங்கள், போன முறை பூத்தது 2018-இல். தெம்பு இருந்தால் பூம்பாறை குழந்தை வேலப்பரையும் பார்த்துவிடலாம். வாசல் பக்கம் வரை வண்டி போகும். போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஐதீகம். வரும்போது ஒரு கிலோ மலைப்பூண்டு வாங்கிவரச் சொல்லுங்கள், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு.

பையன் இறங்கும்போது ஓடுவான், அவனைப் பிடிப்பதுதான் உங்கள் வேலை. வழிகாட்டிக்கு முன்னால் போகக் கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். வெள்ளகவியில் இருந்து பதினொன்றுக்குள் ஏறத் தொடங்கிவிடுங்கள். ஏற்றத்துக்கு இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். டால்பின் நோஸிலேயே மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது, இல்லை மழை மேகம் கூடுகிறது என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வோர் அடியையும் திரும்ப ஏற வேண்டும்.