பட்டையைப் படிக்கத் தெரிந்த பெண்

சுங்கை சிப்புட் பெரியோர்களே, கதை எழுத வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

துப்பறியும் பெண்ணை 1951-இல் மலாயாவின் ஒரு பால்மர (ரப்பர்) தோட்டத்தில் நடமாட விடுகிறீர்களா? முதலில் அவள் கையிலிருக்கும் பூதக்கண்ணாடியை வாங்கி வையுங்கள். லயத்துப் பிள்ளைகள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிள்ளைகள், பெற்றவர்களோடு போய் மங்கு என்னும் பால் கிண்ணத்தைத் துடைத்தவர்கள், காய்ந்த பாலை இழுத்தவர்கள். நிரைக்குள், ஒருவருக்குப் பால்வெட்ட ஒதுக்கிய மரங்களுக்குள், அவள் நின்றால் கங்காணிகூட ஏனென்று கேட்கமாட்டார். அவளுக்கு வேண்டிய தடயமும் மரத்திலேயே இருக்கிறது.

முந்தைய வெட்டின் பால், பட்டையில் சீவிய கோட்டில் நாடாபோலக் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை இழுத்தெடுத்த பிறகுதான் அடுத்த வெட்டு. "காலையிலிருந்து நிரையில்தான் இருந்தேன்" என்று ஒருவர் சாதிக்கிறார். மத்தியானம் அவள் போய்ப் பார்த்தால் நாடா அப்படியே கிடக்கிறது. உடனே அவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள்! ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் தோட்டத்தில் ஒருவருக்கு இரண்டு நிரை. அவள் பார்த்தது மறுநாள் வெட்ட வேண்டிய மரம். அந்தத் தவற்றை அவள் செய்யட்டும், நல்ல மனிதர் மேல் பழி விழட்டும். அவருடைய மற்ற நிரையில் புதுவெட்டைக் கண்டு அவளே பதறட்டும். நடுக்கதை இதிலேயே அமைந்துவிடும்.

அடுத்தது அளவு. ஒரு வெட்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகும். ஒரு மரத்துக்கு மாதம் 15 வெட்டு என்றால் இரண்டே கால் சென்டிமீட்டர். அவள் காலத்துப் பேச்சில் ‘ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்’. மாதத் தொடக்கத்தில் இட்ட குறியிலிருந்து அளக்கிறாள். செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்தவர் பேர் பதியும் ஏட்டில், அந்த நிரைக்கு 15 நாள் பேர்; மரத்திலோ கோடு பாதிதான் இறங்கியிருக்கிறது. கைதேர்ந்தவர் மெல்லிசாகச் சீவுவார், அதற்காகப் பாதியாகிவிடாது. வராத ஆளுக்கு யார் பேர் போட்டது? மழைநாளையும் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரமெங்கும் வழிந்துவிடும், அதனால் வெட்டமாட்டார்கள். அன்றைக்கும் பால் எடை எழுதியிருந்தால் கணக்கு பொய்.

காலத்தையும் கவனியுங்கள். 1948 ஜூன் 16-ஆம் நாள் இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. 12 வயது நிறைந்த எல்லோருக்கும் அடையாள அட்டை, லயத்தைச் சுற்றி முள்கம்பி, இரவில் ஊரடங்கு. இரவில் அவளை விளக்கோடு தேட அனுப்பினால் வாசகர் நம்பமாட்டார். சம்பளத்தை ‘வெள்ளி’ (அந்நாள் மலாயா டாலர்) என்றே எழுதுங்கள்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று உணவுக் கட்டுப்பாடு இறுகிய இடங்களில் வாசலிலேயே சோதனை, சோற்றை நிரைக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே மரத்தடியில் நாலு பருக்கை கிடந்தாலே பெரிய தடயம். ஆனால் அதைக் கண்டவள் வாயைத் திறந்தால் ஒரு குடும்பமே தடுப்புக்காவலுக்குப் போகலாம், நாடு கடத்தப்படலாம். சொல்வதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டரைக் கொண்டுவந்து அந்த முடிவை அவளிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.