அரசனை அழைக்கும் சொல்: கொரியத் தொடர்களும் பட்டப்பெயர்களின் வரலாறும்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

கொரிய அரண்மனைத் தொடர் ஒன்றையேனும் பார்த்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். பிள்ளைகள் பார்க்கத் தொடங்கி, பாட்டிமாரும் உடன் உட்கார்ந்துவிடுகிற கதைகள் அவை. அந்த வகைத் தொடரைக் கொரியர்கள் ‘சாகுக்’ என்பார்கள். அதில் தவறாமல் வரும் காட்சி ஒன்று உண்டு. அமைச்சர்கள் முற்றத்தில் வரிசையாக மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, ‘ஜொன்ஹா!’ என்று ஒரே குரலில் முறையிடுவார்கள். திரையின் அடியில் ஓடும் எழுத்து அதை ‘அரசே’ என்று காட்டிவிட்டு நகர்ந்துவிடும். வேறொரு தொடரில் அதே போன்ற முற்றத்தில் ‘ப்யேஹா!’ என்பார்கள், அதற்கும் அடியெழுத்து பெரும்பாலும் ‘அரசே’ என்றே இருக்கும். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்தத் தூரத்துக்காக ஒரு நாடு பல நூற்றாண்டுகள் மானத்தோடு போராடியிருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். ‘ஜொன்ஹா’ என்றால் ‘மண்டபத்தின் கீழ்’; ‘ப்யேஹா’ என்றால் ‘படிகளின் கீழ்’. இரண்டுமே சீன எழுத்துகளிலிருந்து வந்தவை. அரசனை நேருக்கு நேர் விளிக்கத் தகாது என்பதால், அவன் இருக்கும் இடத்தின் கீழே நின்று பேசுவதாகப் பாவனை செய்து, அந்த இடத்தையே பெயராக்கிவிட்டார்கள். மடாதிபதியைச் ‘சந்நிதானம்’ என்று அழைக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். அரசியைச் ‘சுங்ஜொன்’, அதாவது நடு மண்டபம் என்பதும், பட்டத்து இளவரசனைத் ‘தொங்குங்’, அதாவது கீழைமாளிகை என்பதும் இதே வழக்கம்தான். ஆனால் ‘படிகளின் கீழ்’ என்பது பேரரசனுக்கு மட்டும் உரியது. ‘மண்டபத்தின் கீழ்’ என்பது அவனுக்கு ஒரு படி தாழ்ந்த மன்னனுக்கு உரியது. கிழக்காசியாவில் பேரரசன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் உரிமை தனக்கே என்று சீனம் கருதியது. அப்படியானால் கொரிய அரசன் யார்? ஒவ்வொரு காலமும் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விடை சொன்னது.

பழைய விடை கல்லில் இருக்கிறது. இன்றைய சீனாவின் ஜிலின் மாகாணத்தில் ஜியான் என்ற ஊரில், 6.39 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கல் ஒன்று நிற்கிறது. சீராகச் செதுக்கிய தூண் அன்று அது. மலையிலிருந்து பெயர்த்த பாறை போன்ற கரடுமுரடான உருவம், நான்கு முகங்களிலும் எழுத்து. பழைய கொரிய அரசான கோகுர்யோவின் மன்னன் குவாங்கெத்தோவுக்காக அவன் மகன் 414-ஆம் ஆண்டில் நாட்டியது. குவாங்கெத்தோவை அந்தக் கல் வெறுமனே ‘வாங்’, அதாவது மன்னன், என்று சொல்லவில்லை. ‘தே வாங்’, மாபெரும் மன்னன், என்கிறது. தன் ஆட்சிக்கென ஆண்டுகளை எண்ண ‘யோங்னாக்’ என்ற தனி ஆண்டுப்பெயரும் வைத்துக்கொண்டவன் அவன். ‘தே வாங்’ என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்திருங்கள். வேறொரு கோலத்தில் அது திரும்ப வரும்.

பின்வந்த கோர்யோ அரசு தொடக்கத்தில் இன்னும் துணிவாகவே இருந்தது. நான்காம் அரசன் குவாங்ஜோங் 960-இல் தன் தலைநகரைப் ‘பேரரசின் நகரம்’ என்று அழைக்கச் செய்தான். 2016-இல் வெளிவந்து நம் இளைஞர்களும் விரும்பிப் பார்த்த ‘மூன் லவ்வர்ஸ்’ தொடர் இவனுடைய கதைதான். அதில் இளவரசர்களை ‘ஹ்வாங்ஜா’ என்றே அழைப்பார்கள். பேரரசனின் மகன் என்று பொருள். எழுதியவர் ஆடம்பரத்துக்காகச் சேர்த்த சொல் என்று அதைத் தள்ளிவிடக் கூடாது. கோர்யோவின் முற்பகுதியில் அரண்மனைக்குள் பேரரசு முறைச் சொற்களே வழங்கின.

அதன்பின் மங்கோலியர் வந்தார்கள். பல பத்தாண்டுப் போருக்குப் பிறகு கோர்யோ பணிந்தது. அதன் அரசர்கள் குப்லாய் கானின் வழியில் பெண்ணெடுத்து, மங்கோலியரின் யுவான் பேரரசின் மருமகன்கள் ஆனார்கள். 1276-இல் யுவான் அதிகாரி ஒருவர் அரசவையின் சொற்கள் வரம்பு மீறியவை என்று ஆட்சேபித்தார். பேரரசன் தன்னைக் குறிக்கச் சொல்லும் ‘நான்’ என்பதற்குரிய ‘ஜிம்’ என்ற சொல்லைக் கோர்யோ அரசன் விட்டுவிட நேர்ந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்தது ‘கோ’. நம் காதில் ‘கோ’ என்றால் அரசன்; அங்கே அதன் பொருள் ‘ஆதரவற்றவன்’ என்பதாகும். ‘ப்யேஹா’ போய் ‘ஜொன்ஹா’ வந்தது அந்தக் காலத்தில்தான். இறந்த அரசர்க்குக் கோயிற்பெயர், அதாவது முன்னோர் கோயிலில் வைத்து வணங்குவதற்கான பெயர், சூட்டும் உரிமையும் போயிற்று. அதன்பின் அடுத்தடுத்து ஆறு அரசர்களின் பெயர்கள் ‘சுங்’ என்றே தொடங்குகின்றன. ‘சுங்’ என்றால் விசுவாசம். யாரிடம் விசுவாசம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. வரலாற்றுப் பட்டியலில் அந்த ஆறு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனத்துவிடுகிறது.

1392-இல் பிறந்த ஜோசோன் அரசு கோயிற்பெயரை மீட்டது. ஆனால் ‘ஜொன்ஹா’வை அப்படியே வைத்துக்கொண்டது. ஆகவே நாம் பார்க்கும் பெரும்பாலான தொடர்களில் அந்தச் சொல்லே ஒலிக்கிறது. வாழ்த்தொலியும் ‘சொன்சே’, ஆயிரம் ஆண்டு, என்பதாகும். ‘மான்சே’, பதினாயிரம் ஆண்டு, பேரரசனுக்கு மட்டுமே. கொரிய எழுத்தைப் படைத்த செஜோங் 1450-இல் மறைந்தார். அவருக்குச் சூட்டப்பட்ட நெடும்பெயரில் ‘சாங்ஹொன்’ என்ற பகுதி சீனத்தின் மிங் பேரரசு அனுப்பியது. இன்று உலகமே அவரை ‘செஜோங் டே வாங்’, பெருமன்னர் செஜோங், என்கிறது. கல்லில் கண்ட ‘தே வாங்’ வேறு, இது வேறு. உண்மையில் ‘டே வாங்’ என்பது மறைந்த ஜோசோன் மன்னர் அனைவர்க்கும் முறைப்படி இட்ட ஈற்றுச்சொல். அதை அவருக்கே உரிய புகழ்ப்பெயராக மக்கள் ஆக்கிக்கொண்டார்கள். 2008-இல் அவரைப் பற்றி வந்த தொடர் அந்தச் சொல்லை முன்னே கொண்டுவந்து ‘டே வாங் செஜோங்’ என்று தலைப்பிட்டது.

‘செஜோங்’ என்ற பெயரையும் அவர் உயிரோடிருக்கையில் கேட்டதில்லை. கோயிற்பெயர் இறந்த பிறகே இடப்படும். 1800-இல் மறைந்த மன்னர் ஜொங்ஜோ அந்தப் பெயரைப் பெற்றது 1899-இல். அதுவரை அவர் ஏட்டில் ‘ஜொங்ஜோங்’ என்றே இருந்தார். ‘ஜோ’ என்ற ஈறு கூடுதல் மதிப்புடையது. அவருடைய இயற்பெயர் யி சான். மன்னனின் இயற்பெயரைக் குடிகள் வாயால் சொல்லவும் கூடாது, அதன் எழுத்தை எழுதவும் கூடாது. அதனால்தான் வழக்கில் அரிய எழுத்தாகத் தேடி அரச குழந்தைகளுக்குப் பெயர் வைப்பார்கள். 2007-இல் தொடங்கிய தொடருக்கு ‘யி சான்’ என்றே பெயர். அவர் காலத்தில் எவரும் உச்சரிக்கத் துணியாத பெயரை வீட்டுக்கு வீடு ஒலிக்கச் செய்த அந்தத் தலைப்பு என்னை நெகிழவைக்கிறது.

அரியணையிலிருந்து இறக்கப்பட்டவர்க்கோ கோயிற்பெயரே இல்லை. யொன்சான்குன், குவாங்ஹேகுன் ஆகிய இருவர் பெயரிலும் உள்ள ‘குன்’ இளவரசனைத்தான் குறிக்கும். குவாங்ஹே 15 ஆண்டுகள் ஆண்டவர். ஆயினும் அவருடைய ஆட்சிக் குறிப்பு ‘மெய்ப்பதிவேடு’ என்ற தகுதியைப் பெறாமல் ‘நாட்குறிப்பு’ என்றே பெயரிடப்பட்டது.

19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு வருகிறேன். 1895 அக்டோபர் 8 அன்று ஜப்பானியர் அரண்மனைக்குள் புகுந்து மன்னர் கோஜோங்கின் அரசியைக் கொன்றார்கள். கோஜோங் ரஷ்யத் தூதரகத்தில் ஓராண்டு அடைக்கலம் புகுந்து, மீண்டு வந்து, 1897 அக்டோபர் 12 அன்று சியோலில் வான்வழிபாட்டு மேடை எழுப்பித் தன்னைப் பேரரசன் என்று அறிவித்தார். அன்றுதான் ‘ஜொன்ஹா’ மீண்டும் ‘ப்யேஹா’ ஆயிற்று. ‘சொன்சே’ ‘மான்சே’ ஆயிற்று. நாட்டுக்கு ‘தேஹான் ஜெகுக்’, தேஹான் பேரரசு, என்று பெயர் வந்தது. கொல்லப்பட்ட அரசி ‘பேரரசி மியொங்சொங்’ ஆனது அதன்பிறகே. 2001-இல் தொடங்கிய நெடுந்தொடர் அந்தப் பெயரைத் தாங்கியே வந்தது. அந்த வான்மேடையை ஜப்பானியர் 1913-இல் இடித்து விடுதி கட்டினார்கள். எஞ்சியிருப்பது எட்டுமுக மூன்றடுக்குக் கோயில் ஒன்று. இன்றும் அது சியோலின் நடுவே, உயர்ந்த கட்டடங்களின் நிழலில் நிற்கிறது.

1910 ஆகஸ்டில் நாடு இணைக்கப்பட்டபோது ஜப்பான் முதலில் கைவைத்தவற்றுள் பட்டமும் ஒன்று. ஆட்சியிலிருந்த பேரரசன் சுன்ஜோங் ‘யி வாங்’, அதாவது யி குல மன்னர், ஆனார். ஏற்கெனவே பதவி துறந்திருந்த தந்தை கோஜோங்குக்குக் கொடுத்த பெயர் ‘யி தே வாங்’. ஜியான் கல்லில் வெற்றிவீரனுக்கு வெட்டிய அதே இரண்டு எழுத்துகள், இங்கே பேரரசர் ஒருவரைக் கீழிறக்கி, முதிய மன்னர் என்று ஒதுக்கிவைக்கப் பயன்பட்டன.

1919 ஜனவரி 21 அன்று கோஜோங் மறைந்தார். இறுதி ஊர்வலத்துக்காக மக்கள் சியோலில் திரண்டிருந்த வேளையில், மார்ச் 1 அன்று, தெருவெங்கும் எழுந்த முழக்கம் ‘தேஹான் தொங்னிப் மான்சே’. விடுதலை பதினாயிரம் ஆண்டு வாழ்க என்பது அதன் பொருள். பேரரசனுக்கு மட்டுமே உரியதாயிருந்த வாழ்த்தை அன்று மாணவர்களும் கடைக்காரர்களும் விடுதலைக்குச் சூட்டினார்கள். அடுத்த மாதம் ஷாங்காயில் கூடிய தற்காலிக அரசு நாட்டின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றியது. பேரரசனைக் குறிக்கும் ‘ஜெ’ நீங்கி, மக்களைக் குறிக்கும் ‘மின்’ அந்த இடத்தில் அமர்ந்தது. தென்கொரியா இன்றும் தன்னை அழைத்துக்கொள்ளும் பெயர் அதுதான்: தேஹான் மின்குக்.