பேஸ் கேபினட்டின் ராஜாவுக்கே லோ ஈ முழுசாக வராது! ஆம்ப் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

[திரையில்: மேடையில் நெஞ்சளவு உயரக் கறுப்புப் பெட்டி, அதன் மேல் ஆம்ப் ஹெட்]

வணக்கம் நண்பர்களே! இந்தப் பெட்டியை நன்றாகப் பாருங்கள். உள்ளே எட்டு 10 இன்ச் ஸ்பீக்கர்கள். எடை 64 கிலோவை ஒட்டி வரும். ஏதாவது ஒரு ராக் கச்சேரி வீடியோவைப் போட்டால், பேஸ் கிட்டார் வாசிப்பவருக்குப் பின்னால் இதுவோ இதைப் பார்த்துச் செய்த இன்னொன்றோ நிற்கும். ஆம்பெக் கம்பெனியின் 8×10 கேபினட். பேஸ்காரர்கள் வைத்த செல்லப் பெயர் ‘ஃபிரிட்ஜ்’.

இதன் ஸ்பெக் ஷீட்டில் ஒரு வரியை மட்டும் படிக்கிறேன். 58 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. அதாவது வினாடிக்கு 58 அதிர்வு முதல் 5,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளை இது நன்றாகத் தரும்.

58! நாலு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பியை எந்த ஃபிரெட்டையும் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) அழுத்தாமல் மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். 58க்குக் கீழே இந்தப் பெட்டியின் சத்தம் சரிகிறது. 40 ஹெர்ட்ஸுக்கு வரும்போது 10 டெசிபல் இறங்கிவிடுகிறது, அதாவது பத்தில் ஒரு பங்கு சக்தி. உலகத்திலேயே பேர்போன பேஸ் கேபினட், பேஸின் அடி சுரத்தை அரைகுறையாகத்தான் தருகிறது. ஆனால் அதன் முன்னால் நின்று ஈ கம்பியைத் தட்டினால் வயிறு அதிரும், கால்சட்டை படபடக்கும். எப்படி? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், வாட்ஸ் கணக்கைக் காட்டி யாரும் உங்கள் தலையில் ஒரு ஆம்பைக் கட்ட முடியாது.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுவோம். 1951இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தது, அடுத்த வருடமே அதற்கென்று பேஸ்மேன் ஆம்ப் வந்தது. ஆனால் அந்த ஆம்பைக் கிட்டார்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் உருவான முதல் மார்ஷல் ஆம்பே பேஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். 1960இல் ஆம்பெக் பி-15 வந்தது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு வாசித்துப் புகழ்பெற்ற பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்த ஆம்ப் அது. கிளப்புக்கு அது போதும், ஸ்டேடியத்துக்குப் போதாது. அதனால் 1969இல் 14 வால்வு, 300 வாட்ஸ் என்று ஆம்பெக்கின் எஸ்.வி.டி. ஹெட் வந்தது. ஹெட் என்றால் ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப். அதற்குத் துணையாக வந்தவைதான் இந்த எட்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அதே வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பேஸுக்கு மட்டுமில்லாமல் கிட்டாருக்கும் இதையே மேடையில் அடுக்கி வைத்தார்கள். சரி, வரலாறு போதும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம்.

[திரையில்: ஒரே கம்பியின் அலைகள், 41, 82, 123, 165]

ஒரு கம்பியை மீட்டினால் ஒரே ஒரு அதிர்வு வருவதில்லை. 41 ஹெர்ட்ஸோடு அதன் இரண்டு மடங்கு 82, மூன்று மடங்கு 123, அப்புறம் 165 என்று ஒரு வரிசையே கிளம்புகிறது. இவைதான் ஹார்மோனிக்ஸ். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பேஸ் பிக்கப்பில் பல நேரம் 82தான் 41ஐ விடப் பலமாக இருக்கும். இந்த வரிசை காதுக்கு வந்து சேர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி 41 என்று மூளை கண்டுபிடித்துவிடுகிறது. அடியில் 41 பலவீனமாக இருந்தாலும், சுத்தமாக இல்லாமலே போனாலும், நமக்குக் கேட்கிற சுருதி அதேதான். இல்லாத சுரத்தை மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது!

நம்ப முடியவில்லையா? பழைய டெலிபோன் லைனை நினைத்துப் பாருங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் எதுவும் போகாது. ஆண் குரலின் அடிச் சுருதி பெரும்பாலும் 100, 120 ஹெர்ட்ஸ் பக்கம்தான். அப்படியிருந்தும் அப்பா போன் செய்தால் அப்பா குரலாகத்தானே கேட்டது?

இன்னொன்று, இப்போதே செய்து பார்க்கலாம். கையில் இருக்கிற கைப்பேசியில் இளையராஜா பாட்டு ஒன்றைப் போடுங்கள், பேஸ் நன்றாக ஓடுகிற பாட்டு, ஹெட்போன் வேண்டாம். அந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தள்ளும் சக்தி கிடையாது. ஆனால் பேஸ் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே நழுவி வந்து பல்லவியில் சேர்கிறது என்று உங்களால் கூடவே பாட முடியும். அந்த வரிகள் அப்படிச் செதுக்கியவை என்பது ஒரு காரணம். ஹார்மோனிக்ஸ் இன்னொரு காரணம்.

இந்த ரகசியம் ஐரோப்பியத் தேவாலயங்களில் பைப் ஆர்கன் கட்டியவர்களுக்கு எப்போதோ தெரியும். 16 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமென்றால் 32 அடிக் குழாய் வேண்டும். அவ்வளவு பெரிய குழாய்க்கு இடமோ காசோ இல்லையென்றால் என்ன செய்வார்கள்? 16 அடிக் குழாய் ஒன்றையும், பத்தே முக்கால் அடியை ஒட்டிய இன்னொன்றையும் சேர்த்து ஊதவிடுவார்கள். ஒன்று 33 ஹெர்ட்ஸ், மற்றது 49. கேட்பவர் காதில் 16 ஹெர்ட்ஸ் உருவாகிவிடும். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை!

அப்படியானால் ஃபிரிட்ஜ் எதில் ஜெயிக்கிறது? 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை. அங்கே எட்டு கோன்கள் (ஸ்பீக்கரில் அசையும் கூம்புகள்) சேர்ந்து காற்றைத் தள்ளுகின்றன. டிரம்ஸ், இரண்டு கிட்டார், கீபோர்டு எல்லாம் முழங்கும்போது பேஸை எடுத்துக் காட்டுவது இந்த இடம்தான். 41 ஹெர்ட்ஸை மட்டும் அள்ளிக் கொட்டினால் ஹால் முழுக்கக் குமுறல்தான் மிஞ்சும், எந்தச் சுரம் என்று ஒருவருக்கும் புரியாது. அதனால் ஆம்பில் பேஸ் குமிழை முழுசாகத் திருப்புகிற நண்பர்களுக்கு என் அன்பான வேண்டுகோள்: அதை நடுவில் விட்டுவிட்டு நடு அதிர்வுகளுக்கான மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒரு கட்டுக்கதையையும் உடைத்துவிடலாம். ‘15 இன்ச் என்றால் ஆழம், 10 இன்ச் என்றால் இறுக்கம்’ என்று கடையில் சொல்வார்கள். பரப்பளவைக் கணக்குப் போடுங்கள். ஒரு 15 இன்ச் வட்டம் 177 சதுர இன்ச். இரண்டு 10 இன்ச் சேர்ந்தால் 157. கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலு 10 இன்ச் 314, ஒற்றை 15ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஸ்பீக்கரின் இன்ச்சை வைத்து ஆழத்தைத் தீர்மானிக்க முடியாது. பெட்டியின் அளவு, போர்ட் (பெட்டியில் காற்று போய்வரும் துளை) உண்டா இல்லையா, கோன் எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகும், இவைதான் தீர்மானிக்கின்றன.

பெட்டியைப் பற்றி ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்ஸில் அதிகச் சத்தம்: இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஹாஃப்மன் 1957இல் தொடங்கிய கே.எல்.ஹெச். ஸ்பீக்கர் கம்பெனியின் மூன்று நிறுவனர்களில் ஒருவர், பியானோ மேதை யோசஃப் ஹாஃப்மனின் மகன். கையடக்கப் பெட்டி ஒன்றைக் காட்டி ‘இதில் எல்லாமே இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், மூன்றில் எதை விட்டார்கள் என்று தேடுங்கள்.

இப்போது வாட்ஸ்.

500 வாட்ஸ் ஆம்ப் 250 வாட்ஸ் ஆம்பை விட இரண்டு மடங்கு சத்தம் என்று நினைக்கிறோம். வித்தியாசம் 3 டெசிபல்தான். ‘கொஞ்சம் ஏறியிருக்கிறது’ என்று தோன்றும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆனால் கேபினட்டின் சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள், அதாவது ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற எண். ஃபிரிட்ஜுக்கு 100 டெசிபல். சின்னக் கேபினட் ஒன்றுக்கு 94 என்று வைத்துக்கொள்வோம். அந்த 6 டெசிபலை ஈடுகட்ட நாலு மடங்கு வாட்ஸ் தேவை. இதில் 100 வாட்ஸில் வருகிற சத்தத்துக்கு அதில் 400 வாட்ஸ். ஆகவே காசைக் கேபினட்டில் போடுங்கள் என்பதுதான் என் கருத்து. சத்தம் போதவில்லை என்றால் ஹெட்டை மாற்றாதீர்கள், அதே மாதிரி இரண்டாவது கேபினட் ஒன்றைச் சேருங்கள். 8 ஓம்ஸில் (ஓம்ஸ் என்பது கேபினட் மின்சாரத்துக்குக் காட்டும் தடை) 300 வாட்ஸும் 4 ஓம்ஸில் 500 வாட்ஸும் தரும் ஹெட்டாக இருந்தால், மொத்தமாக 5 டெசிபல் ஏறும்.

ஓம்ஸ்: இரண்டு 8 ஓம்ஸ் கேபினட்டைச் சேர்த்தால் 4. இரண்டு 4ஐச் சேர்த்தால் 2, அது பல ஹெட்டுகளுக்கு ஆகாது. பின்னால் இன்னொன்று சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே 8 ஓம்ஸ் கேபினட்டாக வாங்குங்கள்.

வால்வு இல்லாத கிளாஸ் டி வகை ஹெட்டும், ஸ்பீக்கரில் லேசான நியோடிமியம் காந்தமும் வந்தபிறகு எடை அடியோடு குறைந்துவிட்டது. மூன்று கிலோ ஹெட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே போகலாம். 40 கிலோ எஸ்.வி.டி.யைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு வால்வு சத்தம் உயிர். ஆனாலும் மாடிப்படி ஏறுகிறவர்களுக்கு நான் கிளாஸ் டியைத்தான் சொல்வேன்.

[திரையில்: பழைய ஹெட்டின் பின்பக்கம்]

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறீர்களா? உங்கள் பேஸ், ஒரு சின்ன பேட்ச் கேபிள், ஒரு மல்டிமீட்டர், மூன்றையும் எடுத்துப் போங்கள்.

முதலில் லேபிள். அமெரிக்காவிலிருந்து வந்த ஹெட் 120 வோல்ட்டாக இருக்கலாம். நம் ஊர் 230இல் நேராகச் செருகினால் கதை முடிந்தது.

அடுத்து கேபினட்டின் ஜாக்கில் மல்டிமீட்டரை வையுங்கள். 8 ஓம்ஸ் கேபினட் ஐந்தரையிலிருந்து 7 வரை காட்டும், அது சரிதான், பயப்படாதீர்கள். நாலு ஸ்பீக்கர் போட்ட 8 ஓம்ஸ் கேபினட் 12 பக்கம் காட்டினால் உஷார். அதில் இரண்டிரண்டு ஸ்பீக்கர் ஜோடியாக இணைந்திருக்கும். ஒன்று செத்தால் அதன் ஜோடியும் ஊமையாகிவிடும், பாதிப் பெட்டிதான் வேலை செய்யும். மற்ற பாதி பாடிக்கொண்டிருப்பதால், விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அப்புறம் ஈ கம்பியிலிருந்து ஒவ்வொரு ஃபிரெட்டாக மெதுவாக ஏறுங்கள். ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் கிர்ர் என்று கேட்டால் கைப்பிடியை, முன்பக்க வலையை உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டால் ஸ்குரூ லூஸ், ஸ்குரூடிரைவரோடு முடிகிற வேலை. நிற்கவில்லை என்றால் வலையைக் கழற்றச் சொல்லி, விரல்களைக் கோன் மேல் வட்டமாகப் பரப்பி, மெல்ல, சமமாக உள்ளே தள்ளுங்கள். உரசுகிற மாதிரி விரலுக்குத் தெரிந்தால் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் போயிருக்கிறது. அந்த ஸ்பீக்கரை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இனி, பேரம் பேச உதவும் ஒரு விஷயம். ஹெட் விட்டு விட்டுப் பாடுகிறது, சத்தம் திடீரென்று அமுங்குகிறது, ‘ரிப்பேர்’ என்று குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எஃபெக்ட்ஸ் லூப்பில் (வெளி எஃபெக்ட் கருவிகளை இணைக்கும் இடம்) சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஓட்டை இருக்கும். அந்தப் பேட்ச் கேபிளால் இரண்டையும் இணையுங்கள். சத்தம் திரும்பி வந்துவிட்டால் ஆம்புக்கு ஒன்றுமே இல்லை! ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கும் சின்னத் தகட்டில் துரு, அவ்வளவுதான். கடற்கரை ஊர் ஈரக் காற்றில் இது சாதாரணமாக நடக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விற்பவரிடமும் இதைச் சொல்லுங்கள், அது நியாயம். அவரும் ஒரு பேஸ்காரர்தானே.

விற்பதற்கு: ஹெட்டைக் கூரியரில் எந்த ஊருக்கும் அனுப்பலாம், கேபினட்டை உள்ளூரிலேயே விற்றுவிடுங்கள். பின்பக்க லேபிள் படத்தையும், ஸ்பீக்கரை மாற்றியிருந்தால் அந்தத் தகவலையும் கட்டாயம் போடுங்கள்.

பயன்படுத்தும்போது கேபினட்டுக்கு ஸ்பீக்கர் கேபிளே போடுங்கள், கிட்டார் கேபிள் வேண்டாம். வால்வு ஹெட்டைக் கேபினட் மாட்டாமல் வாசிக்கவே கூடாது. சர்ச்சிலோ மெல்லிசைக் கச்சேரியிலோ பேஸ் டி.ஐ. (பேஸை நேராக மிக்ஸரில் இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்குப் போகிறது என்றால் மேடைக் கேபினட் உங்கள் காதுக்கு மட்டும்தான். ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர் உள்ள 1×12 கேபினட் போதும், அதையும் நாற்காலி மேல் தூக்கி வையுங்கள். முழங்காலுக்குக் காது கிடையாது.

வீட்டில் வாசிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஏதோ ஒரு சுரம் மட்டும் அறையே இடிகிற மாதிரி வருகிறதா? ஆம்பைத் திட்டாதீர்கள். 174ஐ அறையின் நீளத்தால் வகுங்கள், நீளம் மீட்டரில். 4 மீட்டர் என்றால் 43.5 ஹெர்ட்ஸ், ஈ கம்பியில் முதல் ஃபிரெட். 3 மீட்டர் என்றால் 58, ஏ கம்பியில் முதல் ஃபிரெட். நம் ஊர்ச் சூட்டில் ஒலி ஓடும் வேகத்துக்கு வருகிற கணக்கு இது. கான்கிரீட் சுவர் என்றால் குமுறல் இன்னும் அதிகம். கேபினட்டை மூலையிலிருந்து வெளியே இழுத்து, நீங்கள் உட்காரும் இடத்தையும் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுப் பாருங்கள், பாதிக் குமுறல் அடங்கிவிடும்.

உங்கள் அறை எத்தனை மீட்டர், எந்த ஃபிரெட்டில் குமுறுகிறது, கணக்கு பொருந்துகிறதா? மூன்றையும் கமெண்டில் போடுங்கள், ஒவ்வொன்றையும் நான் படிப்பேன். பொருந்தவில்லை என்றால் அகலத்தையும் உயரத்தையும் வகுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.