யார் வீட்டுப் பிள்ளை?

கும்பகோணத்துப் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் பக்கம் ஒரு பையன் சைக்கிளில் போனால் டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வரும்: "தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?" அவன் தாத்தா பெயரைச் சொல்வான், தெருவைச் சொல்வான். தெருவைச் சொன்னால் சாதியும் தெரிந்துவிடும். கேட்டவருக்குப் பாதி அதுதான் வேண்டியிருக்கும். பத்து வயதுவரை அந்தப் பதில் போதும். பதினைந்து, பதினாறில் அது அவனுக்கே இடிக்கத் தொடங்குகிறது. சரி, வீடு அது. நான் யார்?

இந்த இடறலுக்கு 'அடையாள நெருக்கடி' என்று பெயர் வைத்தவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தகப்பன் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. யூதக் கோயிலில் அவருடைய பொன்னிற முடியைப் பார்த்து வேற்றான் என்றார்கள். பள்ளிக்கூடத்திலோ யூதன் என்றார்கள். இளவயதில் படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் ஊர் சுற்றினார். நம் வீடாக இருந்தால் 'உருப்படாதவன்' என்று முடித்திருப்போம். வளர்ப்புத் தந்தையின் பெயரான ஹோம்பர்கரைத் தாங்கியிருந்தவர், 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். வெள்ளத்தில் பயிர் போனால் கடன் தவணையைத் தள்ளிப் போடுகிறார்களே, அதுபோல வயது வந்தவர்களின் பொறுப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இளைஞர்களுக்கு அவகாசம் தரவேண்டும் என்பது அவர் கருத்து.

வெளிநாட்டுக்காரர் எதற்கு, பக்கத்து ஊருக்கே வருவோம். உத்தமதானபுரத்துக் குடும்பம் ஒன்றில் 1855இல் பிறந்த பிள்ளைக்கு இட்ட பெயர் வேங்கடராமன். அப்பா சங்கீதக்காரர். மகனும் அந்த வழியில் வரவேண்டும் என்று ஆசை. உறவுக்காரர்கள் இங்கிலீஷ் படிக்கச் சொன்னார்கள். பையன் தமிழைப் பிடித்துக்கொண்டான். 1871இல், பதினாறு வயதில், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தான். வேறு பெயர் உண்டா என்று ஆசிரியர் கேட்க, வீட்டில் கூப்பிடும் சாமிநாதன் என்ற பெயரைச் சொன்னான். அதுவே நிலைத்தது. அங்கே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றான். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை, விட்டுவிட்டான். அப்புறமும் தேடல் முடியவில்லை. 1880இல் இதே கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது, இங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தவராக நாம் அறிந்த உ.வே.சா. உருவானார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

தேடாமலே கிடைத்த அடையாளத்தை மாட்டிக்கொள்வதும் உண்டு என்று 1966இல் உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா எழுதினார். நம் பள்ளிகளில் அதற்கு நிறம் இருக்கிறது, சாதிக்கொரு நிறத்தில் மணிக்கட்டில் கட்டும் கயிறு. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றார். என்னைக் கேட்டால், கயிற்றை அறுப்பது சுலபம். 'நான் யார்' என்று தவிக்கிற பையனுக்கு அதைவிட நல்ல பதில் எதையும் நாம் கையில் வைத்திருக்கவில்லையே, சங்கடம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பதினெட்டிலிருந்து இருபத்தைந்துவரை தேடும் பருவம் என்று உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் எழுதினார். எல்லாச் சமூகத்திலும் அது வாய்க்காது என்பதையும் அவரே சொன்னார். நிலமில்லாத கூலிக்காரர் வீட்டுப் பையன் பன்னிரண்டாவது முடித்த கையோடு திருப்பூர் பஸ் ஏறுகிறான். அவனுக்கு யார் தவணை கொடுத்தார்கள்? பெண்ணுக்கு? "ஜாதகத்தை எடுத்தாச்சு" என்கிற அன்றோடு அவள் தேடல் முடிந்தது.

நான் வாத்தியாராக இருந்த காலத்தில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவனின் கணக்கு நோட்டைத் திருப்பினேன். கடைசிப் பக்கம் முழுக்கக் கையெழுத்து. ஒரே பெயர், இருபது விதம். ஒன்றில் அப்பாவின் இனிஷியல், ஒன்றில் அம்மாவுடையது, ஒன்றில் ஊர்ப் பெயர், கடைசி ஒன்றில் வெறும் வளைவு. "கணக்கு போடச் சொன்னா கையெழுத்தா போடுறே?" என்று வகுப்பு முன்னால் அந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் கையிலேயே கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.