பழுதுபார்க்க வந்த சபையார்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கிறிஸ்தவத் தொண்டு என்றதும் நம் மனத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அநாதை இல்லமும்தான் முதலில் வந்து நிற்கின்றன. அவற்றுக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு, நூற்றாண்டு மலரும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் தொண்டுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், வேலைக்குப் போகும் நடுவயதினரும் ஓய்வுபெற்ற முதியவர்களுமான சபை மக்கள், தங்கள் விடுமுறையையும் கைக்காசையும் செலவிட்டு, முன்பின் அறியாத ஏழைக் குடும்பங்களின் ஒழுகும் கூரையையும் இற்றுப்போன தரையையும் செப்பனிட்டுத் தருகிறார்கள். புது வீடு கட்டிக் கொடுப்பதைக் காட்டிலும் இருக்கிற வீட்டைப் பழுதுபார்ப்பது கடினமான தொண்டு என்பதும், வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு அதில் முதலிடம் தராவிட்டால் அது தொண்டே ஆகாது என்பதும் என் கட்சி.

அப்பலாச்சியா நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து மிசிசிப்பியின் வடபகுதி வரை 13 மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு நீளும் மலைநாடு. நான் சொல்லப்போவது அதன் நடுப்பகுதியை: கிழக்குக் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, டென்னசியின் கம்பர்லாண்ட் மலைகள், அவற்றை ஒட்டிய ஊர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலக்கரி நிறுவனங்களின் முகவர்கள் இந்த மலைவாசிகளிடம் வந்து, நிலம் உங்களிடமே இருக்கட்டும், அடியில் கிடக்கும் கனிமத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று சொற்பத் தொகைக்குப் பத்திரம் வாங்கினார்கள். கனிமத்தை எடுக்க எந்த வழியையும் கையாளலாம் என்று கென்டக்கி நீதிமன்றங்கள் அந்தப் பத்திரங்களுக்குப் பொருள் கொண்டதால், பேரன் காலத்தில் மேல்மண்ணையே புரட்டிப்போடும் இயந்திரங்கள் தோட்டத்துக்குள் வந்தபோது வீட்டுக்காரரால் தடுக்க முடியவில்லை. 1988-இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகே அந்த அநியாயத்துக்குக் கடிவாளம் விழுந்தது. இதற்கிடையே, 1950களில் சுரங்கத்துக்குள் இயந்திரங்கள் புகுந்ததும் வேலையிழந்தவர்கள் டெட்ராய்ட்டுக்கும் சின்சினாட்டிக்கும் மூட்டை கட்டினார்கள். போக வழியில்லாதவர்களும் போக மனமில்லாதவர்களும் பாட்டன் நிலத்திலேயே தங்கினார்கள். 1964 ஏப்ரல் 24 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கென்டக்கியின் ஐனஸ் என்ற சிற்றூருக்கு வந்து, ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் குந்தியபடி பேசிக்கொண்டிருந்த புகைப்படம் நாடெங்கும் பரவியது. வறுமையின்மீது அவர் தொடுத்த போருக்கு அந்தத் திண்ணையே அடையாளம் ஆகிவிட்டது.

அந்தத் திண்ணை யாருடையது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இந்த மலைகளில் ஏழைகளாக இருப்பவர்களில் பலருக்கு வீடு சொந்தம். வாடகைக்காரர் என்றால் வீட்டுக்காரரைக் கேட்கலாம், வழக்குப் போடலாம், வேறு வீடு பார்க்கலாம். சொந்த வீட்டில் கூரை ஒழுகினால் யாரைப் போய்க் கேட்பது? மாத வருமானம் மருந்துக்கும் மின்கட்டணத்துக்கும் சரியாகப் போகிற குடும்பத்தில், இந்த மழைக்கு ஒரு வாளி, அடுத்த மழைக்கு இரண்டு வாளி என்று நாள் தள்ளப்படுகிறது. அதற்குள் தண்ணீர் தன் வேலையைச் செய்துவிடுகிறது.

பல குடும்பங்கள் இருப்பது நாம் டிரெய்லர் வீடு என்று சொல்லும், தொழிற்சாலையில் செய்து சக்கரத்தின்மேல் இழுத்துவந்து நிறுத்திய வீடுகளில். இவற்றுக்கென நாடு தழுவிய கட்டுமான விதி 1976 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வீடுகளின் சுவர்ச் சட்டங்கள் மெலிந்தவை, வெளிப்புறம் அலுமினியத் தகடு, குளிரைத் தடுக்கும் பஞ்சு பெயரளவுக்கு. தரையோ மரத்தூளைப் பிசின் சேர்த்து அழுத்திய பலகை. அந்தப் பலகை ஒருமுறை நனைந்தால் உப்பும், பிறகு உதிரும். கழிப்பறையின் அடியிலோ வெந்நீர்க் கொதிகலனின் அருகிலோ சொட்டுச் சொட்டாகக் கசிவு தொடங்கி, யாராவது ஒருவருடைய கால் உள்ளே இறங்கும்போதுதான் வெளியே தெரியவரும்.

இந்தப் பின்னணியில்தான் கிளென் எவன்ஸ் என்ற, மெதடிஸ்ட் எனும் புராட்டஸ்டன்ட் சபையின் போதகர் வருகிறார். ‘டெக்ஸ்’ எவன்ஸ் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கென்டக்கி மலைகளில் ஏற்கெனவே பணியாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. 1969 கோடையில் இளைஞரும் பெரியவருமாக சுமார் 50 பேரை அழைத்துவந்து பார்பர்வில் பகுதியில் நான்கு வீடுகளைச் செப்பனிட்டார். அப்பலாச்சியா சர்வீஸ் புராஜெக்ட் என்று இன்று அறியப்படும் அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. வீடு கதகதப்பாகவும் பத்திரமாகவும் ஈரமின்றியும் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. அழகாக இருக்க வேண்டும் என்பது அதில் இல்லை. மனிதரை அவர் இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வது எவன்ஸ் விட்டுச்சென்ற மரபு. எந்தச் சபை, ஞாயிறு ஆராதனைக்குப் போவதுண்டா என்பதெல்லாம் உதவிக்கான தகுதியில் சேராது. 1975-இல் டென்னசியின் கம்பர்லாண்ட் மலைகளில் தொடங்கிய மவுண்டன் டாப் என்ற அமைப்பில் பெரியவர்களுக்கென்றே தனித் தொண்டு முகாம்கள் நடக்கின்றன.

வேதாகமத்தில் நெகேமியாவின் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தைச் சபையில் வாசிக்கும்போது நம்மில் பலர் தூங்கிவிடுவோம். வெறும் பெயர்ப் பட்டியல் என்று நினைப்பு. எருசலேமின் இடிந்த அலங்கத்தை, அதாவது நகர மதிலை, யார் யார் எந்தப் பகுதியில் பழுதுபார்த்தார்கள் என்ற கணக்கு அது. அதிலே தட்டார் வருகிறார், தைலக்காரர் வருகிறார், வியாபாரிகள் வருகிறார்கள், ஒரு பிரபு தன் குமாரத்திகளோடு வருகிறார். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்க மறுத்தார்கள் என்பதும் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. கொத்தனார் வேலையைத் தைலக்காரர் எப்படிச் செய்திருப்பார் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நின்றிருக்க வேண்டும். அப்பலாச்சிய முகாம்களிலும் அதே நிலைமைதான். வங்கி மேலாளரும் பள்ளி ஆசிரியையும் ஆர்வத்தோடு சுத்தியலைக் கையில் எடுக்கலாம். அளவெடுக்கவும், எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்லவும், நாற்பது ஆண்டு தச்சுவேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வேண்டும். பெரியவர்களின் குழுவை நான் உயர்த்திச் சொல்வதற்கு இதுவே காரணம். பதின்ம வயதினரின் கோடைக்கால முகாம்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த முகாம்களையும் தாங்கி நிற்பது இந்த நரைத்த தலைகள்தான்.

இப்போது வேலைக்குள் வருவோம். கூரை எங்கே ஒழுகுகிறது என்று கேட்டால் வீட்டார் கூடத்தின் மேற்பலகையில் படிந்த கறையைக் காட்டுவார்கள். கறைக்கு நேர்மேலே ஏறிப் பார்த்தால் ஓட்டை இருக்காது. புகைபோக்கியைச் சுற்றி அடித்த தகடு விரிந்து, அதன் வழியே இறங்கிய நீர் சாய்வுச் சட்டத்தின் வழியே பத்தடி ஓடிவந்து, ஆணி அடித்த இடத்தில் சொட்டியிருக்கும். தரையைப் பிரித்தாலோ, ஒரு பலகையை மாற்றப் போனவர்கள் அதைத் தாங்கும் சட்டமே இற்றிருப்பதைக் காண்பார்கள். அந்தச் சட்டத்தின் பக்கத்தில் புதுச் சட்டமொன்றை இணைத்துத் திருகாணி முடுக்க வேண்டும். முடுக்கப் போனால் அது உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் கல் மண்ணுக்குள் அமிழ்ந்திருப்பது தெரியவரும். புது வீட்டில் வரைபடம் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் சுவர் உயர்கிறது. பழைய வீட்டிலோ திங்கட்கிழமை காலை போட்ட திட்டம் அன்று மாலைக்குள் பொய்த்துவிடுகிறது. பெரும்பாலான குழுக்களுக்கு வெள்ளிக்கிழமை வரைதான் அவகாசம்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் கேட்கும் வீடுகள் மிகுதி. சுரங்கத் தூசியால் நுரையீரல் கறுத்து நாலு படி ஏற மூச்சு வாங்குகிறவர்கள், நீரிழிவால் காலை இழந்தவர்கள் என்று வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போனவர்கள் அங்கே பலர். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது அமெரிக்க விதி. திண்ணை முப்பது அங்குல உயரத்தில் இருந்தால் முப்பது அடி நீளம் வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் இடையில் நாற்காலி நின்று இளைப்பாறச் சமதளமும் வேண்டும். மலைச்சரிவில் முற்றத்துக்கு முப்பது அடி கிடைப்பதே அரிது என்பதால், சாய்தளத்தை மடித்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பம் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்த நாற்காலியில் இருப்பவர். அவரைக் கேட்காமல், தபால்பெட்டிக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் எதிர்ப்புறமாக அழகான சாய்தளம் கட்டிவிட்டு, ஜெபித்துப் படமெடுத்துக்கொண்டு போய்விடவும் முடியும். அது அவருக்கு எதற்குப் பயன்படும்?

குளிரில் நடுங்குகிறவரைப் பார்த்துச் சமாதானத்தோடே போங்கள், குளிர்காயுங்கள் என்று வாயால் மட்டும் சொல்வதில் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு அரசும் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஏழை வீடுகளுக்குக் குளிர்காப்புப் பஞ்சு வைத்து, காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்துத் தரும் மத்திய அரசுத் திட்டம் 1976 முதல் நடக்கிறது. ஆனால் கூரை ஒழுகும் வீட்டில் பஞ்சு வைத்தால் அது நனைந்து வீணாகும் என்பதால், முதலில் கூரையைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று அத்தகைய வீடுகளைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். கூரைக்குப் பணமில்லாததால்தான் வீட்டுக்காரர் விண்ணப்பித்தார் என்பதை என்னென்று சொல்வது! பழுதுநீக்க மானியம் தரும் வேளாண் துறைத் திட்டம் ஒன்று உண்டு. அதில் மானியம் 62 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்குக் கடன்தான். இப்படித் திட்டத்துக்கும் திட்டத்துக்கும் இடையே விழுந்துகிடக்கும் குடும்பங்களைத்தான் சபைக் குழுக்கள் எடுத்துக்கொள்கின்றன. அவர்கள் கூரையை முடித்துக் கொடுத்தால் அரசின் பஞ்சுக்கு வாசல் திறக்கிறது. தொண்டு, அரசின் கடமையைப் பறித்துக்கொள்கிறது என்று சொல்பவர்கள் இந்த வரிசைமுறையைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டும் உண்டு. எவன்ஸ் தம் பணியைத் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1968-இல், மெக்ஸிகோவுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம், கத்தோலிக்கக் குருவும் சிந்தனையாளருமான இவான் இல்லிச், உங்கள் நல்லெண்ணம் அந்த மக்களுக்குத் தீங்கே செய்யும், தயவுசெய்து வராதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் வாதம். அதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். வந்து போகும் செலவைப் பணமாக அனுப்பினால் உள்ளூர்த் தச்சருக்குக் கூலி கிடைக்குமே என்ற கேள்விக்கு எல்லா முகாம்களாலும் கூச்சமில்லாமல் பதில் சொல்லிவிட முடியாது. ஆயினும் இந்தத் தொண்டர்களில் பெரும்பாலோர் பங்கேற்புக் கட்டணம் கட்டித்தான் வருகிறார்கள், அந்தக் கட்டணத்திலிருந்துதான் மரமும் தகரமும் வாங்கப்படுகின்றன. நீங்கள் வரவேண்டாம், பணத்தை மட்டும் அனுப்புங்கள் என்றால் அவர்களில் எத்தனை பேர் அனுப்புவார்கள்? மனித இயல்பைப் பற்றிய என் மதிப்பு அவ்வளவு உயர்ந்ததல்ல.

தொண்டின் வேறொரு மரபு மெனோனைட் சபையாருடையது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, இரண்டாம் உலகப் போரின்போது அதற்குப் பதிலாக நாட்டுக்குள் குடிமைப்பணி செய்த இளைஞர்கள் அவர்களிடையே பலர் இருந்தார்கள். அமைதிக் காலத்திலும் நம் கைகள் சும்மா இருக்கலாமா என்ற எண்ணம் வலுத்து, 1950-இல் கேன்சஸ் மாநிலத்தில் மெனோனைட் டிசாஸ்டர் சர்வீஸ் உருவாயிற்று. வெள்ளமும் சூறாவளியும் முடிந்து, செய்தியாளர்கள் கிளம்பிப் போன பிறகு இவர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். 2016 ஜூனில் மேற்கு வர்ஜீனியாவில் 23 உயிர்களைக் கொண்டுபோன வெள்ளத்துக்குப் பின் இவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகளில் ஒன்று தனியார் பாலம். மலைக்கும் ஓடைக்கும் நடுவே ஒடுங்கிய அந்தப் பள்ளத்தாக்குகளில் சாலை ஒரு கரையிலும் வீடு மறுகரையிலும் இருக்கும். இடையிலுள்ள சிறுபாலம் வீட்டாருடைய சொந்தச் செலவில் போட்டது, ஆகவே அரசின் கணக்கில் வராது. அது அடித்துப் போய்விட்டால், வீடு முழுசாக நின்றாலும் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அங்கே போக முடியாது. பொறியாளர் வடிவமைத்த, பாரம் தாங்கும் பாலங்களை இவர்கள் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டைத் தொடாமலே வீட்டைப் பழுதுபார்த்ததாக இதை நான் கணக்கில் சேர்க்கிறேன்.

2022 ஜூலையின் கடைசி வாரத்தில் கிழக்குக் கென்டக்கியில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பெருவெள்ளம் வந்தபோது, பாட்டன் பெயரிலேயே கிடக்கும் பத்திரங்கள் பெரும் சிக்கலாயின. உயில் எழுதாமல் தலைமுறைகள் மாறியதால், ஒரே நிலத்துக்கு ஊர் ஊராகச் சிதறிய பங்காளிகள் பலர். வீடு தமதுதான் என்று காட்ட வேறு ஆவணம் இல்லாதவர்கள் தாங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை ஏற்கலாம் என்று மத்தியப் பேரிடர் நிறுவனம் 2021-இல் தன் விதியைத் தளர்த்தியது உதவியாக இருந்தது. ஆனால் அந்த அவசர உதவித்தொகை ஒரு வீட்டை மீண்டும் எழுப்பப் போதாது. மீதி வேலைக்குச் சபைக் குழுக்களையே நம்ப வேண்டியிருக்கிறது.

அந்தக் குழுக்களிலோ விவரம் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. கூரைமேல் ஏறி நின்ற ஓய்வுபெற்ற தச்சர்கள் இப்போது கீழே நின்று சொல்லித் தரத்தான் முடிகிறது. இந்தத் தொண்டுக்கு அதிகமான ஆட்களை அனுப்பிவந்த ஐக்கிய மெதடிஸ்ட் சபையிலிருந்து 2019-க்கும் 2023-க்கும் இடையே அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு உள்ளூர்ச் சபைகள் பிரிந்து சென்றன. பிரிந்தவர்களும் இருப்பவர்களும் ஒரே முகாமில் சேர்ந்து வேலை செய்வார்களா என்று என்னைக் கேட்டால், கூரையின்மேல் ஏறிவிட்டால் செய்வார்கள் என்பேன். அந்த முகாம் வரை அவர்களை அழைத்துவருவதுதான் சிரமம்.

வணக்கம்.