மூலையில் நிற்கும் கறுப்பு மெஷின்

நேயர்களுக்கு வணக்கம்.

'சூராட் காபார் லாமா', அதாவது பழைய பேப்பர், என்று ஒலிபெருக்கி அலற, பழைய சாமான் எடுக்கும் லாரி நம் மலேசியக் குடியிருப்புத் தாமானுக்குள் நுழையும்போது, பழைய பேப்பரோடும் துருப்பிடித்த மின்விசிறியோடும் ஏறிப்போகிற இன்னொரு பொருள், பாட்டி காலத்துக் கால்மிதித் தையல் மெஷின். "சக்கரமே சுத்தல, அது செத்துப்போச்சு" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிப் போகிற மெஷின்களில் பெரும்பாலானவை சாகவில்லை. காய்ந்துபோன எண்ணெயும் பஞ்சும் அவற்றைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. ஒரு மாலை நேரமும் சில வெள்ளிச் செலவும் போதும், திரும்பத் தைக்கும். அதற்கான வழியைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். வீட்டில் மெஷின் இருந்தால் நான் சொல்லும் இடங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில், அது ஏன் இத்தனை காலம் தாங்குகிறது? உடம்பு வார்ப்பிரும்பு. உள்ளே மேலே ஒரு தண்டு, கீழே அசையும் ஒன்றிரண்டு தண்டுகள், எல்லாம் எஃகு. பிளாஸ்டிக் பல்சக்கரம் கிடையாது. 1960களுக்குப் பிறகு வந்த பல வீட்டு மெஷின்களில் சத்தம் குறையட்டும் என்று நைலான் பல்சக்கரம் வைத்தார்கள். அது வயதாகி வெடித்தால், தைக்காத நாளிலும் மெஷின் போய்விடும். பழைய மெஷினில் தேய்மானம் வந்தாலும் பல இணைப்புகளில் கூம்பு முனைத் திருகும் பூட்டு நட்டும் இருக்கும். கொஞ்சம் இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும். தேயும் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணம் உதிரிபாகம். ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்னும் ஊரில் இருந்த சிங்கர் தொழிற்சாலை 1980-லேயே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் சிங்கரின் '15' என்ற மாடலின் அமைப்பை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் பொதுவான அளவாக எடுத்துக்கொண்டன. சீனத்து பட்டர்ஃபிளை, இந்தியாவின் உஷா மெஷின்களிலும் அதே அமைப்பு நிறைய உண்டு. அதனால் 15 வகை பாபின் (அடிநூல் சுற்றும் சிறு உருளை), அதை வைக்கும் பாபின் கேஸ், ஊசி எல்லாம் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை: கடைக்குப் போகும்போது பழைய பாபின் கேஸைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு எல்லா மெஷினிலும் ஒரே திசையில் இருக்காது. மாறி வாங்கினால் உள்ளே பொருந்தாது.

இனி, இறுகிப்போன மெஷின். கைச்சக்கரம் சுற்றவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம். பாபின் கேஸை வெளியே எடுங்கள். ஊசி மேலே இருக்கும்போது, அதன் பின்னாலுள்ள வளையத்தின் கொக்கியையோ திருகையோ விலக்கினால் மேல் நூலைப் பிடித்து அடிநூலோடு பின்னும் பிறை வடிவ ஷட்டில் கையோடு வந்துவிடும். அதன் பள்ளத்தில் ஒரு துண்டு நூல் சிக்கியிருந்தால் போதும், மொத்த மெஷினும் நின்றுவிடும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது. சக்கரம் மட்டும் சுற்றி ஊசி அசையவில்லையா? அதற்குக் காரணம் கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய திருகு. பாபின் சுற்றும்போது தளர்த்திவிட்டு இறுக்க மறந்திருப்பார்கள். இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே மூன்று காதுள்ள ஒரு வாஷர் இருக்கும். அதை அரைச்சுற்றுத் திருப்பி மாட்டினால் சரியாகும்.

அதற்கும் அசையாதது எண்ணெய்ப் பிசின். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் மெஷினுக்கு நடக்கும் பெரிய கேடு சமையலறையிலிருந்துதான் வருகிறது. 'எண்ணெய் போடு' என்றால் கைக்குக் கிடைத்ததைப் போடுவது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாம் காற்றுப்பட்டுக் கோந்தாகி, பிறகு வார்னிஷ் போலக் கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய் அந்த அளவுக்குக் கெட்டியாகாது, ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஏர்கான் போட்ட அறையில் மிதி கனப்பது அதனால்தான். தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷினுக்கு என்று விற்கும் நிறமில்லாத கனிம எண்ணெய் மட்டுமே போட வேண்டும். துரு நீக்கும் ஸ்பிரே இறுக்கத்தை இளக்கும், ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். எண்ணெய்க்குப் பதிலாக அது ஆகாது.

இளக்குவதற்கு மண்ணெண்ணெய் போதும். சன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ இருக்கக்கூடாது. மோட்டார் இருந்தால் கழற்றிவிடுங்கள். மேலே உள்ள ஒவ்வொரு எண்ணெய்த் துளையிலும் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, அடியில் இரும்பும் இரும்பும் உரசும் எல்லா இடத்திலும் விடுங்கள். இடது பக்க முகத்தகட்டைத் திறந்தால் ஊசித் தண்டும், துணியை அழுத்தும் பாதத்தின் தண்டும் தெரியும், அங்கேயும். ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசையாத இடத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி மறுபடி முயலுங்கள். சுற்ற ஆரம்பித்ததும் பழுப்பாக அழுக்கு வழியும். அது நல்ல அறிகுறி. துடைத்துவிட்டு, மண்ணெண்ணெய் விட்ட ஒவ்வோர் இடத்திலும் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். மண்ணெண்ணெயோடு விட்டுவிட்டால் இரும்பு உலர்ந்து தேயும். உடம்பிலுள்ள தங்கப் பூவேலையில் மட்டும் ஸ்பிரிட்டோ தின்னரோ படக்கூடாது. ஒரே துடைப்பில் போய்விடும்.

மெஷின் சுற்றுகிறது, ஆனால் தையல் சரியில்லை என்பவர்கள் முதலில் ஊசியைப் பாருங்கள். வீட்டு மெஷின் ஊசி எச்ஏ எக்ஸ் 1 என்ற வகை, தண்டின் ஒரு பக்கம் தட்டை. பிளவுஸ் கடைகளின் பெரிய மெஷினுக்குப் போடும் டிபி எக்ஸ் 1 ஊசி உருண்டைத் தண்டு, கொஞ்சம் மெலிசு. அதை வாங்கி வந்து மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் தையல் விட்டு விட்டு விழும். சரியான ஊசியிலும் திசை முக்கியம். நீளக் குழி ஒரு பக்கம் இருக்கும், நூலை அந்தப் பக்கத்திலிருந்துதான் கோர்க்க வேண்டும். தட்டைப் பக்கம் ஷட்டிலைப் பார்த்திருக்க வேண்டும். பாபின் இடது கோடியில் இருக்கும் மெஷினில் தட்டை இடதுபக்கம், நூல் வலமிருந்து இடம். ஊசியின் அளவு எண், பட்டுக்கு 9 அல்லது 11, பருத்திப் பிளவுஸுக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18.

துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் குறை சொல்கிறார்கள். தவறு மேல் நூலில் இருக்கிறது. பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் உள்ளே போகாமல் மேலோடு நிற்கும். பிடிப்பில்லாத நூலை ஷட்டில் அளவுக்கு மேல் இழுத்து அடியில் குவிக்கும். எப்போதும் பாதத்தைத் தூக்கிவிட்டு நூலைக் கோர்க்க வேண்டும். பாபின் நூலுக்கு ஒரு சோதனை: நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். அசையாமல் நிற்க வேண்டும். லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் கேஸின் சிறு திருகைக் கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்.

துணி நகராமல் ஒரே இடத்தில் குத்தினால், ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பற்களுக்கு நடுவே பஞ்சு கம்பளிபோல இறுகியிருக்கும். ஊசி முனையால் கிளறி எடுக்க வேண்டும்.

ஷட்டில் ஊசியைச் சந்திக்கும் நேரம் தப்புவது அபூர்வம். தடித்த துணியில் ஊசி ஒடிந்தபோது ஊசித் தண்டு மேலே ஏறியிருந்தால் நடக்கும். பல மெஷின்களில் அந்தத் தண்டிலேயே இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள். ஊசி அடியில் இருக்கும்போது மேல் கோடு, தண்டு நுழைந்துவரும் குழாயான புஷ்ஷின் கீழ் விளிம்போடு நிற்க வேண்டும். ஊசி ஏறத் தொடங்கிக் கீழ்க்கோடு விளிம்புக்கு வரும்போது ஷட்டிலின் முனை ஊசியை எட்ட வேண்டும். கோடு தப்பியிருந்தால் முகத்தகட்டின் பின்னால் தண்டைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்திச் சரிசெய்யலாம். கோடு இல்லாத மெஷினை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பினாங்குக் காற்றின் ஈரத்தில் தோல் பெல்ட் நீளும், பூஞ்சையும் பிடிக்கும். 3/16 அங்குலத் தடிமன், 72 அங்குல நீளம் என்று கேட்டு வாங்கி, சக்கரத்தில் சுற்றி அளந்து வெட்டுங்கள். நழுவினால் அரை அங்குலம் நறுக்கிக் கம்பிக் கொக்கியை மறுபடி போடுங்கள். மிகவும் இறுக்கினால் மிதி கனக்கும், தண்டும் தேயும். கீழே பெரிய சக்கரத்தின் அச்சு, மிதியின் இரு முனை, சக்கரத்தோடு மிதியைச் சேர்க்கும் கம்பி ஆகியவற்றுக்கும் எண்ணெய் வேண்டும். மேலே பத்துத் துளைக்கும் விட்டுவிட்டு இங்கே மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

இப்படிப் பழைய மெஷின் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் பார்க்கலாம். தலையைச் சாய்த்து அடியைப் பாருங்கள். பழுப்புப் பிசின் இருந்தால் பயமில்லை. செதில் செதிலாக உரியும் செந்துருவும் வார்ப்பில் விரிசலும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஷட்டில் உள்ளே இருக்கிறதா என்று கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை நேர்த்தையல் மட்டுமே போடும். ஓவர்லாக், இழுபடும் டி-ஷர்ட் துணி இதற்கெல்லாம் வேறு மெஷின்தான் வேண்டும். பிளவுஸ், பாவாடை, திரைச்சீலை, பைக்கு இதைவிட நேரான தையல் எதிலும் வராது என்பது என் கருத்து. பழைய மோட்டார் பொருத்தியிருந்தால் ஒயரின் ரப்பரை வளைத்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் பிளக்கில் குத்தவே கூடாது. மின்தொழிலாளரிடம் ஒயரை மாற்றுங்கள், அல்லது மோட்டாரைக் கழற்றிவிட்டு மிதியில் தையுங்கள். கால் வேகத்துக்குத் தைத்தால் கழுத்து வளைவு இன்னும் சுத்தமாக வரும்.

எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை எண்ணெய், ஒரு துளைக்கு ஒரு சொட்டு. எண்ணெய் விட்டதும் பாதத்துக்கு அடியில் ஒரு பழந்துணியை வைத்து இறக்கிவிடுங்கள். மறுநாள் அந்தத் துணியிலேயே ஒரு முழம் தைத்துவிட்டுப் பிறகு பட்டுத் துணியை எடுங்கள். ஊசித் தண்டில் வழியும் எண்ணெய் பட்டில் பட்டால் கறை லேசில் போகாது. வணக்கம்.